அறிவாளிக்குக் கடவுள் எதற்கு?

சென்ற பொதுக்குழுவுக்கு வந்திருந்த அன்பர்களுக்கு நான் எதைப் பற்றி எழுதுகிறேன் என்று இந்நேரம் புரிந்திருக்கும். வராதவர்களுக்காக நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

சங்கத்தின் கட்டட நிதியில் மீந்த தொகையைப் பிள்ளையார் சந்நிதிக்கு முன்மண்டபம் போடச் செலவழிப்பதா, அல்லது நூலகத்துக்கு அலமாரியும் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு பெஞ்சும் வாங்குவதா என்று பேச்சு வந்தது. இரண்டு பக்கமும் ஆதரவு இருந்தது. காபி குடித்து முடிப்பதற்குள் பாதிக்குப் பாதி என்று தீர்த்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் நமது தமிழ் வகுப்பை நடத்தி வரும் இளைஞர், கணினித் துறையில் பெரிய வேலையில் இருப்பவர், எழுந்து நின்று, "புத்திசாலிகளுக்குக் கடவுள் நம்பிக்கை குறைவு என்று ஆராய்ச்சியே சொல்கிறது. படித்தவர்கள் கூடும் சபையில் இதைப் போய் விவாதித்துக்கொண்டிருக்கிறோமே" என்றார். மூத்த அங்கத்தினர் ஒருவர் விடுவாரா? "கடவுளை மறுக்கிற புத்தி இருந்தென்ன, இல்லாமல் போனால் என்ன?" என்று சுடச்சுடக் கொடுத்தார். அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. "இந்த மாதிரி ஆளிடம் நம் குழந்தைகளை அனுப்புவது சரிதானா?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. இளைஞர் ஒன்றும் பேசாமல் வெளியே போய்விட்டார்.

அதற்குப் பிறகு நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் கழிந்துவிட்டன. தமிழ் வகுப்பு நடக்கவில்லை. பதினேழு குழந்தைகள் சும்மா இருக்கிறார்கள். என் பேத்தியும் அவர்களில் ஒருத்தி. 'ழ'கரம் இப்போதுதான் அவள் வாயில் நுழைய ஆரம்பித்திருந்தது. வீட்டில் பாதி இந்தி, பள்ளியில் முழு ஆங்கிலம் என்று வளர்கிற குழந்தைக்கு நான்கு வாரம் என்பது சின்ன விஷயம் இல்லை.

இந்தச் சண்டையில் எனக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது. நான் தத்துவம் படித்தவன் அல்ல. மூன்று வருட டிப்ளமாவை வைத்துக்கொண்டு ரயில்வேயில் பாதைப் பிரிவில் சேர்ந்து, முப்பத்தேழு வருடங்கள் தண்டவாளத்தின் மேல் நடந்து ஓய்வு பெற்றவன். ஆகவே பெரிய வார்த்தைகளை எதிர்பார்க்க வேண்டாம்.

முதலில் இளைஞர் சொன்ன ஆராய்ச்சியைப் பார்ப்போம். அவர் கற்பனையாகச் சொல்லவில்லை. அப்படி ஓர் ஆராய்ச்சி இருக்கத்தான் செய்கிறது. ஜுக்கர்மன் என்பவரும் அவருடைய சகாக்களும் அதுவரை வெளிவந்த 63 ஆய்வுகளைத் திரட்டி, 2013-இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். அவற்றில் 53 ஆய்வுகளில் அறிவுத்திறன் மதிப்பெண் கூடக் கூட மதப்பற்று குறைந்தது. 10 ஆய்வுகளில் அதற்கு நேர்மாறாக இருந்தது. 2020-இல் 83 ஆய்வுகளைச் சேர்த்து மறுபடியும் கணக்குப் போட்டபோதும் ஏறக்குறைய அதே திசையில்தான் விடை வந்தது. விஞ்ஞானிகளிடம் எடுத்த கணக்கும் உண்டு. பிரார்த்தனைக்குச் செவிசாய்க்கும் கடவுளை நம்புகிறீர்களா என்று 1914-இல் லூபா என்பவர் அமெரிக்க விஞ்ஞானிகளிடம் கேட்டார். நூற்றுக்குச் சுமார் 42 பேர் நம்புவதாகச் சொன்னார்கள். 1996-இல் அதே கேள்வியைத் திரும்பக் கேட்டபோது 39 பேர். ஆனால் அந்நாட்டின் தேசிய அறிவியல் கழகத்தில் இடம்பெற்ற முதல்தர விஞ்ஞானிகளை 1998-இல் கேட்டபோது நம்பியவர்கள் வெறும் 7 பேர்தான்.

பார்த்தீர்களா, இளைஞர் ஜெயித்துவிட்டார் என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்கள்.

அந்த 2013 கணக்கில் அறிவுக்கும் மதப்பற்றுக்கும் உள்ள தொடர்பின் அளவு, கழித்தல் குறியுடன் 0.24. முழுமையான தொடர்பு இருந்தால் அது 1 ஆக இருக்கும். இதை வர்க்கப்படுத்திப் பார்ப்பது வழக்கம். 0.24-ஐ 0.24-ஆல் பெருக்கினால் கிடைப்பது 0.06-க்கும் குறைவு. அதாவது, மனிதருக்கு மனிதர் பக்தியில் இருக்கும் வேறுபாட்டை நூறு பங்காகப் பிரித்தால், அறிவுத்திறனோடு சேர்ந்து போவது ஆறு பங்குக்கும் குறைவு. மீதி தொண்ணூற்று நாலு பங்கும் வேறு எங்கெங்கோ இருக்கிறது: தாய் வளர்த்த விதம், ஊர், பட்ட கஷ்டம், வாய்த்த நண்பர்கள், இன்னும் என்னென்னவோ. தவிரவும், ஆய்வுக்கு உட்பட்டவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கர்கள், அதிலும் கிறிஸ்தவர்கள். மாதா கோயிலுக்கு வாரம் ஒருமுறை போவதை வைத்து அளக்கிற பக்தியும், குளித்துவிட்டுத் திருநீறு இட்டுக்கொள்கிற நம் வீட்டுப் பக்தியும் ஒரே அளவுகோலில் அடங்குமா? 13 நாடுகளில் நடத்தி 2018-இல் வெளியான இன்னொரு ஆய்வு, ஆராய்ந்து சிந்திக்கும் பழக்கத்துக்கும் கடவுள் மறுப்புக்கும் உள்ள தொடர்பு பலவீனமானது, நாட்டுக்கு நாடு மாறுவது என்றுதான் கண்டது.

இன்னொரு வேடிக்கையும் நடந்தது. சிந்திக்கும் மனிதனின் சிற்பத்தைப் பார்த்த மாத்திரத்தில் மக்களின் கடவுள் நம்பிக்கை சற்றுக் குறைகிறது என்று 2012-இல் 'சயன்ஸ்' பத்திரிகையில் ஒரு கட்டுரை வந்து உலகமெங்கும் பேசப்பட்டது. வேறு ஆராய்ச்சியாளர்கள் அதிகம் பேரை வைத்து அதே சோதனையைத் திரும்பச் செய்து 2017-இல் வெளியிட்டார்கள். அந்த விளைவு வரவே இல்லை. முதல் கட்டுரையை எழுதியவர்கள் முட்டாள்களா? நிச்சயமாக இல்லை. அறிவாளிகளும் தங்களுக்குப் பிடித்த விடை கிடைத்ததும் அங்கேயே நின்றுவிடுவார்கள் என்பதுதான் பாடம்.

எல்லாவற்றுக்கும் மேலே, சராசரியை வைத்துத் தனிமனிதனை எடை போடக் கூடாது. பஞ்சாபியர்கள் சராசரியாக நம்மவர்களைவிட உயரம். அதற்காக நமது சங்கப் பொருளாளரை, ஆறடிக்கும் மேலே இருப்பவரை, யாராவது குள்ளர் என்பார்களா?

தனிமனிதர்களைப் பார்த்தால் இந்த விஷயம் இன்னும் சிக்கலாகிவிடுகிறது. 1979-இல் பௌதிகத்துக்கான நோபல் பரிசை மூவர் பகிர்ந்துகொண்டார்கள். அவர்களில் ஒருவர் பாகிஸ்தானைச் சேர்ந்த அப்துஸ் சலாம். ஆழ்ந்த பக்தர். பரிசு விருந்தில் பேசும்போது குர்ஆனிலிருந்து மேற்கோள் காட்டியவர். இன்னொருவர் ஸ்டீவன் வைன்பர்க். கடைசிவரை மதத்தைக் கடுமையாக விமர்சித்தவர். இருவரும் தனித்தனியே கணக்குப் போட்டு ஒரே கொள்கைக்கு வந்து சேர்ந்தார்கள். இயற்கை, இவர் தொழுகிறாரா அவர் மறுக்கிறாரா என்று கேட்டுக்கொண்டு விடை கொடுக்கவில்லை.

நம் கும்பகோணத்து ராமானுஜனை எடுத்துக்கொள்ளுங்கள். நாமக்கல் நாமகிரித் தாயாரின் அருளால்தான் சூத்திரங்கள் வருகின்றன என்று சொன்னதாக அவருடைய நண்பர்கள் கூறியிருக்கிறார்கள். அவரை 1914-இல் கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்த ஹார்டி சுத்தமான நாத்திகர். ராமானுஜன் இந்தியாவிலிருந்து அனுப்பிய சூத்திரங்களில் ஹார்டியைத் திகைக்க வைத்தவை உண்டு. பகா எண்களைப் பற்றியவற்றில் தவறாகப் போனவையும் உண்டு. எங்கிருந்து வந்தது என்று ஹார்டி கேட்கவில்லை. நிரூபணம் எங்கே என்று கேட்டார். அந்தப் பக்தர் கோபித்துக்கொண்டு கப்பல் ஏறியிருந்தாலோ, அந்த நாத்திகர் முதல் கடிதத்தைக் குப்பைக் கூடையில் போட்டிருந்தாலோ நஷ்டம் யாருக்கு? எல்லா மதங்களும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு உண்மையாகவே தனக்குப் படுகின்றன என்று ராமானுஜன் தன்னிடம் சொன்னதாக ஹார்டி எழுதியிருக்கிறார். ஆக, பக்தருக்குள்ளேயும் ஓர் ஆராய்ச்சிக்காரர் இருந்திருக்கிறார்.

பெரியவர்கள் கதை போதும். இனி என் கதைக்கு வருகிறேன். இதை இதுவரை வெளியில் யாரிடமும் சொன்னதில்லை. என் மனைவிக்கு மட்டும் தெரியும்.

பாலிடெக்னிக்கில் படிக்கும்போதே நான் பகுத்தறிவுக் கூட்டங்களுக்குப் போகிறவன். வேலையில் சேர்ந்து சில வருடங்கள் கழித்து ஒரு பிரிவுக்குப் பொறுப்பாளனாக வந்தேன். அப்போது எங்களை பி.டபிள்யூ.ஐ. என்பார்கள். என் கீழே ஒரு கீமேன் இருந்தார். கையெழுத்துப் போடத் தெரியாது, பெருவிரல் ரேகைதான். தினமும் விடிந்ததும், சுத்தியலும் ஸ்பானரும் சிவப்புக் கொடியும் எடுத்துக்கொண்டு நடக்கத் தொடங்கும் முன், தண்டவாளத்தில் ஒரு சிட்டிகை குங்குமம் தடவி, இரண்டு கையாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். நான் ஒருநாள் கேங்க்மேன்கள் எல்லோர் முன்னாலும் கேட்டேன், "இரும்புக்குக் கும்பிடு போட்டால் அது உடையாமல் இருக்குமா?" எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "உடையும் சாகேப். அதனால்தானே நடந்து பார்க்கிறேன்" என்றார்.

டிசம்பர் மாதம். மத்திய இந்தியக் குளிர் உங்களுக்குத் தெரியும். நீளமாக வெல்டு செய்த தண்டவாளம் குளிரில் சுருங்கப் பார்க்கும், சுருங்க இடமிருக்காது, உள்ளே இழுவிசை ஏறிக்கொண்டே போகும். எங்கே பலவீனமோ அங்கே அறுந்துவிடும். ஒருநாள் மாலை அந்தக் கீமேன் வந்து, பாலத்துக்கு முன்னால் உள்ள ஒரு வெல்டில் சுத்தியல் பட்டால் சத்தம் சரியாக இல்லை என்றார். மீயொலிக் கருவியால் அந்த இடத்தைச் சோதித்து இருபது நாள்கூட ஆகவில்லை. குறை இல்லை என்று பதிவேட்டில் இருந்தது. நான் பதிவேட்டைத் தட்டிக் காட்டி, "மெஷினைவிட உனக்குத் தெரியுமா? உன் மாதா வந்து சொன்னாளா?" என்றேன்.

அவர் பதில் பேசாமல் போனார். போனவர், கேங் மேட்டிடம் கெஞ்சி, அந்த வெல்டுக்கு இரண்டு பக்கமும் வளைவு வைத்த ஃபிஷ்பிளேட்டைப் பொருத்தி, கிளாம்ப் போட்டு இறுக்கச் செய்துவிட்டார். என்னிடம் அனுமதி கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டேன்.

மூன்றாம் நாள் அதிகாலையில் அந்த வெல்டு உடைந்தது. ஃபிஷ்பிளேட் பிடித்துக்கொண்டதால் தண்டவாளத்தின் இரண்டு முனையும் நகரவில்லை. காலைச் சுற்றுக்குப் போன அதே கீமேன் பார்த்து, முறைப்படி டெட்டனேட்டர் வைத்து, சிவப்புக் கொடி காட்டி, வந்துகொண்டிருந்த எக்ஸ்பிரஸ் வண்டியை நிறுத்தினார். வெல்டின் அடிப்பாகத்தில் அரைநிலா வடிவத்தில் தொடங்கும் விரிசல் அது. அன்றைய சாதாரணச் சோதனையில் எளிதில் அகப்படாத இனம். கருவி பொய் சொல்லவில்லை. கருவிக்கு எட்டாத இடமும் உண்டு என்பதை நான்தான் மறந்துவிட்டேன்.

'மாதாதான் அவன் காதில் சொல்லியிருக்கிறாள்' என்று கேங்கில் பேசிக்கொண்டார்கள். நானும் அன்று வெட்கத்தை விட்டு அவரிடமே கேட்டேன். "சுத்தியல் சொன்னது சாகேப். இருபது வருஷமாகத் தட்டுகிறேனே" என்றார். ஆகவே பக்திதான் ரயிலைக் காப்பாற்றியது என்று நான் எழுதப்போவதில்லை. அவர் காதும் அனுபவமும் காப்பாற்றின. ஆனால் அந்தக் காதை அவருடைய பக்தி மந்தமாக்கிவிடவில்லை. என் காதை என் பகுத்தறிவு கூர்மையாக்கவும் இல்லை. உண்மையில் அன்று ஆராயாமல் ஒன்றை நம்பியவன் நான். என் வேதம் பதிவேடு. கும்பிட்டுவிட்டு, கும்பிட்டதை நம்பி உட்காராமல், நடந்து போய்த் தட்டிப் பார்த்தவர் அவர்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். அறிக்கை எழுதும்போது, 'பொறுப்பாளரின் உத்தரவின்படி முன்னெச்சரிக்கையாக ஃபிஷ்பிளேட் பொருத்தப்பட்டது' என்று எழுதினேன். எனக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. அவருக்கு, கொடி காட்டியதற்காக மட்டும் சிறு தொகை பரிசாகக் கிடைத்தது. அதை வாங்கிக்கொண்டு எனக்கும் இனிப்புக் கொண்டுவந்து கொடுத்தார். அவர் ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்டார். நான் உண்மையைச் சொல்லத் தேடிப் போவதற்குள் காலமாகிவிட்டார்.

இப்போது நமது மூத்த அங்கத்தினர்களுக்கு ஒரு வார்த்தை. பார்த்தீர்களா, பக்தன் ஜெயித்தான் என்று கைதட்ட வேண்டாம். கடவுளை ஏற்காதவன் தமிழனுக்கோ பாரதத்துக்கோ அந்நியன் அல்ல. சாங்கியம் ஈசுவரனை வைத்துக்கொள்ளாமலே உலகத்துக்கு விளக்கம் சொன்ன தரிசனம். சமணமும் பௌத்தமும் உலகைப் படைத்த ஒரு கடவுளை ஒப்புக்கொள்ளாதவை. அந்த மரபுகளிலிருந்து நமக்கு வந்த செல்வங்களை நாம் வேண்டாம் என்கிறோமா? மணிமேகலையில், வஞ்சி நகரத்தில் சமயவாதிகள் ஒவ்வொருவரிடமும் மணிமேகலை போய் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். கண்ணால் கண்டதைத் தவிர வேறில்லை என்னும் பூதவாதியும் அந்த வரிசையில் இருக்கிறான். அவனைச் சாத்தனார் வெளியே அனுப்பிவிடவில்லை. திருக்குறளில் முதல் அதிகாரம் கடவுள் வாழ்த்து, 43-ஆம் அதிகாரம் அறிவுடைமை. இரண்டையும் ஒரே நூலில் வைக்க வள்ளுவருக்குச் சங்கடம் இருந்ததாகத் தெரியவில்லை.

நம் காலத்துக்கே வருவோம். ராமாயணத்தைத் தமிழில் உருக்கமாக எழுதிய ராஜாஜியும், ராமாயணத்தை வாழ்நாளெல்லாம் எதிர்த்த பெரியாரும் நண்பர்கள். இந்த இருவரில் யாருக்கு மூளை குறைவு என்று நமது சங்கத்தில் வாக்கெடுப்பு நடத்த முடியுமா? 1972 டிசம்பரில் ராஜாஜி மறைந்தபோது, தள்ளாத வயதில் சக்கர நாற்காலியில் மயானத்துக்கு வந்து பெரியார் குலுங்கிக் குலுங்கி அழுதார். அதற்கு அடுத்த டிசம்பரில் அவரும் போய்ச் சேர்ந்தார். பல பத்தாண்டுகள் எதிரெதிர் மேடைகளில் நின்றவர்கள், ஒருவரையொருவர் முட்டாள் என்று எண்ணியிருந்தால் அந்தக் கண்ணீர் வந்திருக்காது.

அப்படியானால் நீ எந்தப் பக்கம் என்று கேட்பீர்கள். மனைவியோடு கோயிலுக்குப் போகிறேன். செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி நிற்கிறேன். கேட்பவர் ஒருவர் உண்டா என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியாது. இருபது வயதில் தெரிந்த மாதிரி இருந்தது. இப்போது இல்லை. ஒருவன் கும்பிடுகிறானா என்பதை வைத்து அவன் அறிவை அளப்பதை மட்டும் விட்டுவிட்டேன். தான் நம்புவதைத் தட்டிப் பார்க்கச் சம்மதிக்கிறானா, தன் சுத்தியலுக்குக் கேட்காத சத்தம் இன்னொருவன் காதுக்குக் கேட்கலாம் என்று ஒப்புக்கொள்கிறானா, இதைத்தான் பார்க்கிறேன். இந்த இரண்டும் பக்தர்களிலும் உண்டு, நாத்திகர்களிலும் உண்டு. இரண்டு கூட்டத்திலும் குறைவுதான்.

அன்று பொதுக்குழுவில் பின்வரிசைக் குரல் எழுந்தபோது நான் இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தேன். 'அப்படிப் பேசாதீர்கள், அந்தப் பிள்ளை இரண்டு வருடமாகச் சம்பளம் வாங்காமல் சொல்லிக்கொடுக்கிறார்' என்று எழுந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. முன்பு ஒரு அறிக்கையில் உண்மையை எழுதாமல் விட்டவன், இப்போது ஒரு சபையில் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மண்டபத்துக்குப் பாதி, வகுப்புக்குப் பாதி என்று அடுத்த கூட்டத்தில் நான் பிரேரணை கொண்டுவரப் போகிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும். அதற்கு முன் வருகிற சனிக்கிழமை மாலை அந்த இளைஞர் வீட்டுக்குப் போகிறேன். மூத்த அங்கத்தினரையும் கூட வரச் சொல்லியிருக்கிறேன். வருவதாக இன்னும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. பின்வரிசையில் பேசிய அன்பரும் விருப்பமிருந்தால் சேர்ந்துகொள்ளலாம். ஸ்கூட்டரில் இடம் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் குழந்தைகளை அனுப்பி வையுங்கள். ஒருவேளை அவர் வராவிட்டால், அவர் வரும்வரை அரிச்சுவடியை நானே எடுக்கிறேன். பெஞ்சு இல்லாவிட்டால் என்ன, பாய் இருக்கிறது.